தூசு மெசின் தானாக ஓட: யாழ்ப்பாணத் தச்சுப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறைகளுக்கு வயரிங் வேலைக்குப் போகும் இடங்களில், கொக்குவிலோ நெல்லியடியோ, அறுக்கும்போது வரும் தூளைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் தூசு மெசினை வாளோடு சேர்ந்து தானாக ஓடவைப்பது பற்றி ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். 230 வோல்ட் கம்பியைத் தொடும் வேலையை உங்கள் வயர்மனைக் கொண்டே செய்வியுங்கள். என்ன கேட்பது, ஏன் கேட்பது என்று தெரிந்துகொண்டு அவருடன் கதைக்கத்தான் இது.

அண்ணை, தூசு மெசினுக்கு சுவிச் இருக்குத்தானே? போய்ப் போட்டா ஓடும். இதுக்கேன் ஓட்டோமற்றிக்?

ஓடும். நீங்கள் போட மாட்டீர்கள், அதுதான் சிக்கல். சுவிச் அந்தப் பக்கச் சுவரில், இடையில் சாத்தி வைத்த பலகைகள், வெட்ட வேண்டியது ஒரேயொரு துண்டு. எட்டு விநாடி வெட்டுக்கு யார் சுற்றிப் போய் வருவது? கதவு நிலைகளை ஒரேயடியாக இழைக்கும்போது எல்லோரும் போடுகிறார்கள். இடையில் வரும் துண்டு வெட்டுகளுக்குத்தான் மெசின் சும்மா நிற்கிறது. கூரைத் தகட்டிலும் சிலந்தி வலையிலும் படிந்திருப்பதில் பெரும்பங்கு அந்தத் தூள்தான்.

ஆகவே, மனிதர் மறக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் கம்பியிடம் கொடுங்கள். போனில் பார்ப்பது, குரலால் போடுவது எல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம். யோசிக்காமலே விட்டாலும் நட்டமில்லை.

வெறும் மரத்தூள்தானே? அப்பர் காலத்திலயிருந்து சுவாசிச்சதுதானே?

அப்பர் சீவுளியும் கைவாளும் பிடித்தார். அதில் வந்தது சீவலும் கரடுமுரடான தூளும், காலடியில் விழுந்துவிடும். இன்றைக்கு சேண்டரும் றூட்டரும் மேசை வாளும் கிளப்புவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தூள். மணிக்கணக்காகக் காற்றில் மிதந்து நெஞ்சுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளை 1995இல் வெளியிட்ட தொகுதியில் முதலாம் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில், சேர்த்தது. மூக்கையும் அதைச் சுற்றிய குழிகளையும் தாக்கும் புற்றுநோய் அது. முதிரை அறுத்தபின் கையும் கழுத்தும் கடிப்பது பலருக்குப் பழக்கமான விசயம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் மரத்தோடு ஃபோமல்டிஹைட் பசையும் சேர்ந்து வருகிறது.

அளவு புரிய ஒரு கணக்கு. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சிபாரிசு செய்யும் எல்லை, ஒரு கன மீற்றர் காற்றுக்கு 1 மில்லிகிராம் மரத்தூள். 12 அடி அகலம், 20 அடி நீளம், 10 அடி உயரமான பட்டறையில் 68 கன மீற்றர் காற்று இருக்கிறது. காற்றில் 68 மில்லிகிராம் மிதந்தாலே எல்லை வந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பாரம் கூட.

வீட்டு வக்யூம் ஒண்டு கிடக்கு. அது காணுமோ?

சேண்டர், கை றூட்டர் போன்றவற்றுக்குக் காணும். வக்யூம் மெசின் கொஞ்சக் காற்றைப் பலமாக இழுக்கும்; ஒன்றரை அங்குல ஹோஸுக்கு அது சரி. மேசை வாளுக்கும் திக்னசருக்கும் (பலகையின் தடிப்பை இழைத்துக் குறைக்கும் மெசின்) பலத்தைவிடக் காற்றின் அளவு வேண்டும். சீவல் குழாய்க்குள் படியாமல் போகக் காற்று நிமிடத்துக்கு 4000 அடி வேகத்தில் ஓட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நாலு அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 கன அடி. ஆறு அங்குலத்தில் 780. மெசின் பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கம் பெரும்பாலும் குழாயும் பையும் இல்லாமல் அளந்தது. அதில் பாதி கிடைத்தால் நல்லது என்று எடுத்துக்கொண்டு வாங்குங்கள்.

குழாய்க்கு 110 மில்லிமீற்றர் ரைப் 600 பி.வி.சி தாராளம். கிளை பிரிக்கும் இடத்தில் T வடிவ மூட்டுப் போடாமல் Y வடிவ மூட்டுப் போடுங்கள். மடங்கும் ஹோஸைக் கடைசி மூன்று நாலு அடிக்கு மட்டும் வையுங்கள். உள்ளே உள்ள வரிகள் காற்றை அநியாயத்துக்குத் தடுக்கும். இது சரியாக அமையாத இடத்தில் சென்சர் பூட்டிப் பயனில்லை. இழுக்காத மெசின் தானாக ஓடி என்ன செய்ய?

ஓட்டோமற்றிக் எண்டா என்னென்ன வழி இருக்கு?

மூன்று. முதலாவது, வாளின் சுவிச்சுக்குப் பிறகு, மோட்டர் பக்கத்திலிருந்து இரண்டு கம்பி எடுத்து, தூசு மெசினின் கொன்டாக்டர் கொயிலுக்குக் கொடுப்பது. கொன்டாக்டர் என்பது, கொயிலுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தால் மோட்டரின் பெரிய கரண்டைப் போட்டுவிடும் சுவிச். ஒரே ஒரு மெசின் உள்ள பட்டறைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. இரண்டாவது, ஒவ்வொரு குழாய்க் கிளையிலும் காற்றை அடைத்துத் திறக்கும் தகடான அடைப்புக் கேற்றில் மைக்கிறோ சுவிச் (தகடு அசைந்தால் போடப்படும் சின்னச் சுவிச்) பூட்டுவது. கேற்றைத் திறந்தால் தூசு மெசின் ஓடும். மூன்றாவது, கரண்ட் சென்சர்: எந்த டூல் கரண்ட் எடுத்தாலும் அதை உணர்ந்து ஓடவைக்கும். ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி 32 போன்ற, புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு போர்ட்டுகள் இங்கேதான் வருகின்றன.

சில வக்யூம் மெசின்களின் உடம்பிலேயே டூலைச் செருகும் சொக்கெட் இருக்கும். டூலைப் போட்டால் வக்யூமும் ஓடி, நிறுத்திச் சில விநாடி கழித்து நிற்கும். சேண்டர் வேலை மட்டும் செய்பவர் அதை வாங்கிவிட்டு மிச்சப் பக்கத்தை வாசிக்காமலே போகலாம்.

உங்களிட்டைக் கேட்டா எதைச் செய்யச் சொல்லுவியள்?

மூன்று நாலு மெசின் உள்ள பட்டறைக்கு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது வழி. கேற்றில் பூட்டும் நெம்புகோல் வைத்த மைக்கிறோ சுவிச் மலிவான சாமான். எல்லாச் சுவிச்சுகளையும் சமாந்தரமாக இணைத்து, 12 வோல்ட் சப்ளையால் ஒரு சின்ன றிலேக்கு (கொன்டாக்டர் மாதிரியே வேலை செய்யும் சிறிய சுவிச்) கொடுக்க வேண்டும். அந்த றிலே கொன்டாக்டரை எடுக்கும். எந்தக் கேற் திறந்தாலும் மெசின் ஓடும், எல்லாம் பூட்டினால் நிற்கும். புரோகிராம் இல்லை, வைஃபை இல்லை. பட்டறை முழுக்க ஓடும் வயரில் 12 வோல்ட்தான் என்பதால் எலி கடித்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லை.

கேற்றைத் திறக்க மறந்தால்? அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. கேற்றின் பிடியோடு ஒரு பிளைவுட் பட்டியை நீட்டிப் பூட்டுங்கள். கேற் பூட்டியிருக்கும்போது அந்தப் பட்டி வாளின் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். பட்டியைத் தள்ளாமல் வாளைப் போட முடியாது. தள்ளினால் கேற் திறந்து தூசு மெசின் முதலில் ஓடத் தொடங்கிவிடும். சிவப்புப் பொத்தானை மட்டும் எந்தக் காரணத்துக்கும் மறைக்கக் கூடாது.

கரண்ட் சென்சர் வாங்கிப் பூட்டினன். வாள் ஓடினாலும் ஒண்டும் காட்டேல்லை. பழுதோ?

பெரும்பாலும் பழுது இல்லை. கவ்வும் வகை சென்சரை வயரின் வெளித்தோலோடு சேர்த்து, லைவும் நியூட்ரலும் உள்ளே இருக்கக் கவ்வியிருப்பீர்கள். ஒன்றில் போகும் கரண்ட் மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிட, சென்சருக்கு எதுவும் தெரியாது. லைவ் கம்பி ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். திறீ ஃபேஸ் மெசினில் ஏதாவது ஒரு ஃபேஸ் போதும்.

சின்ன சேண்டருக்கு மட்டும் எடுக்காவிட்டால் அது வேறு கதை. 300 வாட் சேண்டர் 1.3 ஆம்பியர்தான் எடுக்கும். 30 ஆம்பியர் சென்சருக்கு அது கிசுகிசுப்பு. அந்த லைவ் கம்பியையே சென்சர் துவாரத்துக்குள்ளால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் மூன்று மடங்காகத் தெரியும். எந்த அளவுக்கு மேல் ஓட வேண்டும் என்ற எல்லையை, அதே லைனில் கிடக்கும் லைட்டும் பற்றரி சார்ஜரும் எடுப்பதற்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் சார்ஜரைச் செருகியதும் தூசு மெசின் எழும்பும்.

நீல றிலேயில 10 ஆம்பியர் 250 வோல்ட் எண்டு போட்டிருக்கு. 2 எச்.பி மோட்டரை நேரடியாக் குடுக்கலாமோ?

கூடாது. ஆர்டுயினோவோடு பாவிக்கும் அந்தச் சின்ன நீல றிலேயில் உள்ள 10 ஆம்பியர் பல்பு, ஹீட்டர் போன்ற சுமைக்குச் சொன்னது. 2 எச்.பி சிங்கிள் ஃபேஸ் மோட்டர் ஓடும்போதே ஏறக்குறைய 10 ஆம்பியர் எடுக்கும். எழும்பும் கணத்தில் அதன் ஐந்து ஆறு மடங்கு. உள்ளே உள்ள தொடுமுனை உருகி ஒட்டிவிட்டால், நீங்கள் எதை நிறுத்தினாலும் மோட்டர் நிற்காது. வைஃபை பிளக்குகளுக்கும் இதே பதில். நீல றிலே கொன்டாக்டரின் கொயிலை எடுக்கட்டும், மோட்டரின் கரண்ட் கொன்டாக்டர் வழியாகப் போகட்டும். கொன்டாக்டரை மோட்டர்களுக்கான ஏ.சி 3 என்ற வகுப்பில் 18 ஆம்பியருக்குக் குறையாமல் எடுங்கள். கொயிலுக்குக் குறுக்கே ஒரு ஆர்.சி ஸ்னபர் போடுங்கள். இல்லாவிட்டால் கொயில் விடும்போது வரும் அதிர்ச்சியில் ஆர்டுயினோ திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்.

அளவுக்கு மேல் கரண்ட் எடுத்தால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் றிலேயும் அவசியம். அதில் அனுபவப்பட்ட வயர்மனே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது மூன்று வழி கொண்டது. சிங்கிள் ஃபேஸ் மோட்டரை ஒரு வழியால் மட்டும் விட்டால், மற்ற ஃபேஸ் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் விழும். லைவை இரண்டு வழியால் சுற்றி எடுத்து, நியூட்ரலை மூன்றாவதால் அனுப்ப வேண்டும்.

வாள் சுவிச்சில இருந்து கொயிலுக்குக் கம்பி குடுத்தனாங்கள். இப்ப ட்ரிப் சுவிச் விழுது. ஏன்?

லைவை வாளிலிருந்தும் நியூட்ரலைத் தூசு மெசின் பெட்டியிலிருந்தும் எடுத்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு ட்ரிப் சுவிச்சின் கீழ் இருந்தால், போன கரண்ட் போன வழியால் திரும்பி வரவில்லை என்று அது பார்க்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசமே அதற்குப் போதும். கொயிலின் இரண்டு கம்பியையும் வாளிலிருந்தே எடுங்கள். அந்தப் பெட்டிக்குள் இப்போது இரண்டு இடத்துக் கரண்ட் வருகிறது என்பதை மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதில் கை வைப்பவர் நாளைக்கு வேறொருவராக இருக்கலாம்.

விழுறது ட்ரிப் சுவிச் இல்லை, பிரேக்கர். ரெண்டும் ஒண்டா எழும்பேக்க.

பிரேக்கர் பார்ப்பது கரண்ட் எவ்வளவு போகிறது என்பதை. இரண்டு 2 எச்.பி மோட்டர் ஒரே கணத்தில் எழும்பினால் 100 ஆம்பியருக்கு மேல் போகும். வீட்டு லைன் 30 ஆம்பியர். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் மோட்டர் எழும்ப இன்னும் நேரமெடுக்கும், பிரேக்கரும் அவ்வளவு நேரம் பொறுக்காது. வாள் எழும்பி இரண்டு மூன்று விநாடி கழித்துத் தூசு மெசின் எழும்பும்படி ஓன் டிலே டைமர் ஒன்று இடையில் போடுங்கள். தூசு மெசினின் பிரேக்கர் பி வகையா சி வகையா என்றும் பாருங்கள். பி வகை தன்னில் எழுதிய ஆம்பியரின் மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழும், சி வகை உடனே விழ ஐந்து முதல் பத்து மடங்கு வேண்டும். கேற் சுவிச் முறையில் இந்தத் தொல்லையே இல்லை, தூசு மெசின் முன்கூட்டியே ஓடிவிடுவதால்.

வாள் நிண்ட உடனை தூசு மெசினும் நிக்க வேணுமோ?

வேண்டாம். குழாய்க்குள் இருப்பது சீக்கிரம் போய்விடும். மேலே சொன்ன வேகத்தில் 30 அடிக் குழாயைக் கடக்க அரை விநாடி. ஆனால் கரண்ட் நின்ற பிறகும் வாள் தட்டு சுற்றிக்கொண்டு தூளை எறிகிறது, மூடிக்குள் கிடப்பதும் மெல்ல மெல்லத்தான் வரும். ஓஃப் டிலேயை, அதாவது வாள் நின்ற பிறகும் தூசு மெசின் ஓடும் நேரத்தை, டைமரில் 10 விநாடிக்கு வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு. நிமிடத்துக்கு ஒரு துண்டு வெட்டும் வேலையில், 10 விநாடியில் நின்று நின்று எழும்பினால் தூசு மெசின் மோட்டர் சூடேறும், மோட்டரை எழுப்பிவிடும் ஸ்டார்ட் கப்பாசிட்டரும் சென்றிஃபியூகல் சுவிச்சும் தேயும். அப்படியான நாளில் டைமரை இரண்டு மூன்று நிமிடத்துக்குக் கூட்டிவிடுங்கள். ஓடிக்கொண்டிருப்பதைவிட எழும்புவதுதான் மோட்டருக்குப் பாடு.

அந்த நேரம் எல்லாக் கேற்றும் பூட்டியிருந்தா மோட்டர் எரியாதோ?

எரியாது. கேட்பவர்கள் நம்ப மறுக்கும் பதில் இது, ஆகவே கிளாம்ப் மீற்றர் வைத்து நீங்களே பாருங்கள். கேற்றைப் பூட்டப் பூட்ட ஆம்பியர் இறங்கும். விசிறி தள்ளுவது காற்றை. தள்ளக் காற்று இல்லையென்றால் அதற்கு வேலையும் இல்லை. ஆம்பியர் ஏறுவது, குழாயும் பையும் கழற்றிவிட்டு வெறும் வாயோடு ஓடவிடும்போது. பூட்டி ஓடுவதால் கெடுவது மெல்லிய ஹோஸ்தான், உறிஞ்சி நசுங்கிவிடும்.

கேற்றையும் மோட்டர் வைச்சுத் தானாத் திறக்கப் பண்ணலாமோ?

பண்ணலாம். சேர்வோ மோட்டர் (சொன்ன அளவுக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டர்) பூட்டி, எந்த மெசின் ஓடுகிறதோ அதன் கேற்றை மட்டும் திறக்கவைப்பார்கள். சேர்வோவுக்கு 5 வோல்ட் சப்ளையைத் தனியாகக் கொடுங்கள், ஆர்டுயினோவின் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். பெரிய எதிரி தூள்தான். தகடு போய்ப் பொருந்தும் பள்ளத்தில் தூள் இறுகினால் சேர்வோ முனகிக்கொண்டு நின்று எரிந்துபோகும். தகடு மறுபக்கத்தால் வெளியே வந்து தூளைத் தள்ளிவிடும் மாதிரியான திறந்த பள்ளக் கேற் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் கையால் இழுக்கும் கேற் ஒரு குறையும் இல்லாதது.

பி.வி.சி குழாய் கரண்ட் பிடிச்சு வெடிக்குமாம், யூடியூப்பில சொல்லுறாங்கள்.

நிலைமின் வருவது உண்மை. வரண்ட நாட்களில் குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும், திடுக்கிட்டுக் கை வாளுக்குப் போனால் அதுதான் ஆபத்து. வெறும் செப்புக் கம்பியைக் குழாயில் சுற்றி எர்த்தோடு இணைத்தால் அடிப்பது குறையும். சிறு பட்டறைக் குழாயில் வெடிப்பு வருவதைவிட, பைக்குள் நெருப்புப் பிடிப்பதற்குத்தான் நான் பயப்படுவேன். இரும்பு அறுக்கும் கிரைண்டரின் வாயை ஒருபோதும் இந்தக் குழாயில் இணைக்காதீர்கள். தீப்பொறி பையில் உள்ள தூளுக்குள் புகுந்து, இரவு பட்டறையைப் பூட்டிப் போன பிறகு புகையத் தொடங்கும்.

நாங்கள் பழைய வீட்டு வளையும் பனையும்தான் கூட அறுக்கிறது. அதுக்கு வேற ஏதும்?

வேறு இருக்கிறது. பழைய கூரை வளையில் ஆணி. சண்டைக் காலத்தில் நின்ற மரத்தில் செல் துண்டும் சன்னமும். மரக்காலையில் தப்பி வந்தது உங்கள் வாளில் படும். அந்த இரும்புத் துண்டு குழாயால் வந்து இரும்பு விசிறியில் அடித்தால் பொறி பறக்கும், அடுத்தது பை. விசிறிக்கு முன்னால் மூடி இறுக்கமான ஒரு டிரம் வைத்து, குழாயை அதற்குள் பக்கவாட்டில் சுழலவிட்டு எடுத்தால் பாரமானதெல்லாம் அதிலேயே விழுந்துவிடும்.

பனைக்கும் அந்த டிரம்தான் மருந்து. பனையின் கறுத்த நார் தூளாகாது, ஊசி ஊசியாக வரும். விசிறி வாயில் உள்ள கம்பி வலையில் குறுக்கே நின்று, அதில் மற்றது சிக்கி, குருவிக்கூடு மாதிரி அடைத்துவிடும். இழுவை குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள். பார்க்கும் முன் பிளக்கைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தானாக எழும்பும் மெசின் இது. யாராவது ஒரு கேற்றை இழுத்தால் போதும்.

கரண்ட் போய் வந்தா தானா ஓடத் தொடங்குமோ?

கேற் திறந்திருந்தால் ஓடும். ஆளில்லாத பட்டறையில் அது நல்லதல்ல. கட்டுப்பாட்டு லைனின் தொடக்கத்தில் பச்சை, சிவப்புப் பொத்தானோடு தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு றிலே போடுங்கள். காலையில் ஒருமுறை பச்சையை அமத்தினால் நாள் முழுக்க ஓட்டோமற்றிக் வேலை செய்யும். கரண்ட் போனால் றிலே விட்டுவிடும், திரும்ப வந்தாலும் யாராவது அமத்தும்வரை எதுவும் எழும்பாது. ஜெனரேட்டரில் ஓட்டுபவர்கள் ஓடும் கரண்டைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். எழும்பும் கரண்டைத் தாங்குமா என்று பாருங்கள்.

பை எதுக்கு? சுவரில ஓட்டை போட்டு வெளியில ஊதி விட்டா?

நுண்தூளுக்கு அதைவிட நல்ல வழியில்லை, அயலட்டை ஒத்துக்கொண்டால். சோழகம் அடிக்கும் மாதங்களில் தெற்குச் சுவரில் வாய் வைத்தால் ஊதியது திரும்பி உள்ளே வரும். வாடைக்கு வடக்குச் சுவர் அப்படி. மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயும் கொடி இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். மேலே சொன்ன டிரம்மைக் கடந்து போவது மா மாதிரி மெல்லிய தூள் என்பதால் அது தூரத்துக்குப் போகும். அங்கும் இங்கும் முடியாவிட்டால் 1 மைக்ரோன் வரை பிடிக்கும் பை வாங்குங்கள். கூட வரும் சாதாரணத் துணிப் பை சீவலைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குக் கூடாததைத் திரும்ப உங்கள் பக்கமே ஊதும்.

பற்றரி சேண்டருக்கு என்ன செய்யிறது? அது கரண்டே எடுக்காதே.

சாவிக்கோர்வையில் கொழுவும் 433 மெகாஹேர்ட்ஸ் ரிமோட் ஒன்று வாங்கி, அதன் றிலேயைக் கேற் சுவிச்சுகளோடு சமாந்தரமாக இணைத்துவிடுங்கள். சேண்டர் பிடிக்கும்போது எப்படியும் மாஸ்க் போட வேண்டும், என் 95 தரத்தில். எந்த மெசினும் முழுவதையும் இழுப்பதில்லை.

ஆறு மாசம் நல்லா வேலை செய்தது. இப்ப சில நேரம் எடுக்குது, சில நேரம் இல்லை.

பெட்டியைத் திறவுங்கள். கொன்டாக்டரின் தொடுமுனைகளுக்கு இடையில் நசுங்கிய எறும்புகள் கறுப்பாக ஒட்டியிருக்கும். சிலவேளை காய்ந்துபோன ஒரு பல்லி. இளஞ்சூட்டுக்கு வந்து தங்குகின்றன. கரையோரத்தில் இதோடு உப்புக் காற்றால் மைக்கிறோ சுவிச்சின் கால்களில் பச்சை பிடித்திருக்கும். நீரும் தூசும் புகாத பெட்டி, வயர் நுழையும் இடத்தில் இறுக்கமான கிளாண்ட், பாவிக்காத துவாரங்களுக்கு அடைப்பு, இவ்வளவும் செய்தால் போதும். மைக்கிறோ சுவிச்சைக் கேற்றின் மேற்பக்கத்தில் பூட்டுங்கள், கீழே பூட்டினால் தூள் அதற்குள்ளேயே கொட்டும்.

சேருற தூளை என்ன செய்யலாம்?

தனி மரத்தூளைக் கோழி வளர்ப்பவர்கள் கூட்டுக்குக் கேட்டு வாங்குவார்கள், தூள் அடுப்பு வைத்திருப்பவர்களும் கொண்டுபோவார்கள். எம்.டி.எஃப், பிளைவுட், பெயின்ற் உரசிய தூள் கலந்திருந்தால் இரண்டுக்கும் கொடுக்காதீர்கள். எரித்தால் புகையும் கூடாது. எம்.டி.எஃப் அறுக்கும் நாளில் டிரம்முக்குள் வேறு உரப்பை போட்டு, அதில் அடையாளம் எழுதிக் கட்டிவிடுங்கள்.